கப்பல் கேசினோவில் கணக்கோடு விளையாடுவது எப்படி?

மயாமி, போர்ட் கனாவெரல், கால்வெஸ்டன் போன்ற துறைமுகங்களிலிருந்து கரீபியன் கடலுக்குப் புறப்படும் பெரிய சொகுசுக் கப்பல்களில்தான் பலர் முதன்முறையாகக் கேசினோ ஒன்றின் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கப்பல்களில் ஏறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உணவகத்துக்கும் அரங்கத்துக்கும் போகும் வழியிலேயே கேசினோ அமைந்திருப்பதால், விளையாடும் எண்ணமே இல்லாதவர்கள்கூட நாளுக்கு நாலைந்து முறை அதைக் கடந்து செல்வார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் நாள் இரவு உட்கார்ந்தும் விடுவார்கள். உட்காருவதற்கு முன்பே அந்த மாலைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுவிட முடியும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அந்தத் தொகை போனாலும் பரவாயில்லை என்று மனதார ஒப்புக்கொள்பவர் மட்டுமே விளையாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எப்போது திறந்திருக்கும், யாருக்கு அனுமதி

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அந்த நாட்டின் சூதாட்டச் சட்டம் கப்பலையும் கட்டுப்படுத்தும் என்பதால் கேசினோ பெரும்பாலும் மூடியிருக்கும். 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை நீளலாம். எத்தனை மைல் தாண்டியபின் திறக்கலாம் என்பதை அந்தந்தத் துறைமுகத்துக்குப் பொருந்தும் சட்டம் முடிவு செய்கிறது. சில விதிவிலக்குகளும் உண்டு. கப்பல் கரையில் கட்டப்பட்டிருக்கும்போதே இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை கேசினோவை நடத்திக்கொள்ளப் பெர்முடா 2013-இல் சட்டம் இயற்றியது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ கப்பலில் கேசினோவே கிடையாது. டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களிலும் கிடையாது. ஆகவே பயணத்தைப் பதிவு செய்யும்போதே எத்தனை நாள் முழுக்கக் கடலில் கழிகிறது என்று பார்த்துக்கொண்டால், கேசினோ எத்தனை மணி நேரம் கண்முன்னே திறந்திருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

விளையாடுவதற்கான வயது, நிறுவனத்தையும் புறப்படும் துறைமுகத்தையும் பொறுத்து 18 ஆகவோ 21 ஆகவோ இருக்கும். சிறுவர்கள் நடைபாதை வழியாகக் கடந்து போகலாம். இயந்திரத்தின் அருகில் நிற்கவோ, பெற்றோரின் மடியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தவோ அனுமதியில்லை. பல கப்பல்களில் புகைபிடிக்க அனுமதிக்கப்படும் உள்ளிடங்களில் கேசினோவும் ஒன்று என்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் புகையில்லாப் பகுதி எங்கே என்று முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரத்தின் விலை

எந்த விளையாட்டானாலும் மூன்று எண்களைப் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எவ்வளவு இழப்போம் என்பது கிடைக்கும். முதலாவது, ஒருமுறை வைக்கும் பந்தயத் தொகை. இரண்டாவது, ஒரு மணி நேரத்தில் நடக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கை. மூன்றாவது, அந்த விளையாட்டின் விதிகளிலேயே கேசினோவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் ஆதாய விகிதம்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் வைக்கும் ரூலெட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வகைச் சக்கரத்தில் 1 முதல் 36 வரையிலான எண்களோடு ஒற்றைப் பூச்சியமும் இரட்டைப் பூச்சியமும் சேர்ந்து 38 குழிகள் உள்ளன. ஓர் எண்ணில் ஒரு டாலர் வைத்து வென்றால், வைத்த டாலரோடு 35 டாலர் தருவார்கள். எல்லாக் குழிகளிலும் ஒவ்வொரு டாலர் வைத்தவர் 38 டாலர் கொடுத்து 36 டாலரைத் திரும்பப் பெறுவார். குறையும் இரண்டு டாலர்தான் கேசினோவின் ஆதாயம், அதாவது 5.26 சதவீதம். ஒரே பூச்சியம் உள்ள ஐரோப்பியச் சக்கரத்தில் இது 2.70 சதவீதமாகக் குறையும். மூன்று பூச்சியம் வைத்த சக்கரங்களும் வந்துவிட்டன, அவற்றில் 7.69 சதவீதம். வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால், உட்காருவதற்கு முன் பூச்சியங்களுக்குரிய பச்சைக் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். இரட்டைப் பூச்சியச் சக்கரத்தில் 10 டாலர் வீதம் மணிக்கு 38 சுற்று ஆடினால் சராசரி இழப்பு 20 டாலர். இதை ஒரு சினிமா டிக்கெட்டின் விலையைப் போல எண்ணிக்கொண்டு, அந்த ஒரு மணி நேரம் அவ்வளவு மதிப்புள்ளதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

சராசரி மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு மணி நேரத்தின் உண்மையான முடிவு சராசரியிலிருந்து வெகு தூரம் விலகும். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், கேசினோ ஊழியரான டீலரின் தொகையை மிஞ்ச வேண்டிய பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் 10 டாலர் வீதம் 60 கைகள், அதாவது 60 ஆட்டங்கள், ஆடும்போது 90 டாலர் வரை ஏறுவதும் இறங்குவதும் முற்றிலும் இயல்பானது. ஏறத்தாழ ஆறில் ஒருவர் அதையும் தாண்டி இழப்பார். எனவே 10 டாலர் மேசையில் 40 டாலரோடு உட்காருபவர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முடியும் முன்பே எழுந்துவிடுவார் அல்லது மேலும் பணம் எடுக்க அறைக்கு ஓடுவார். பந்தயத்தைப்போல் குறைந்தது இருபது மடங்கு கையில் இல்லையென்றால் அந்த மேசை உங்களுக்கு உரியதன்று. கப்பலில் மாலை நேரத்தில் மேசைகளின் குறைந்தபட்சப் பந்தயம் உயர்ந்துவிடும். கடல்நாட்களின் முற்பகலில்தான் சிறு தொகைக்கு இடம் கிடைக்கும்.

எந்த மேசையில் உட்காருவது

பிளாக்ஜாக்கில்தான் விளையாடுபவரின் அறிவுக்கு உண்மையான பலன் உண்டு; ஆனால் அது மேசையில் அச்சிட்டிருக்கும் ஒரு வரியைப் படிப்பதிலிருந்து தொடங்குகிறது. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 3-க்கு 2 என்ற கணக்கில் தருவதாக எழுதியிருந்தால், 10 டாலருக்கு 15 டாலர் கிடைக்கும். 6-க்கு 5 என்று எழுதியிருந்தால் 12 டாலர்தான். இந்தச் சிறிய வேறுபாடு கேசினோவின் ஆதாயத்தைக் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூட்டிவிடுகிறது. சரியாக ஆடுபவருக்கு 3-க்கு 2 மேசையில் ஆதாய விகிதம் அரை சதவீத அளவில் இருக்கும். 6-க்கு 5 மேசையில் அது இரண்டு சதவீதத்தை நெருங்கும். கப்பல்களில் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6-க்கு 5 வகையைச் சேர்ந்தவை. 15 டாலர் வீதம் மணிக்கு 60 கைகள் என்று வைத்தால் ஒன்றில் 4.50 டாலர் செலவு, மற்றொன்றில் 18 டாலர்.

சரியாக ஆடுவது என்பது மனப்பாடம் செய்யக்கூடிய சில விதிகளே. டீலரின் திறந்த சீட்டு 7 அல்லது அதற்கு மேல் என்றால், ஏஸ் இல்லாத கையோடு இருப்பவர் 17 வரும்வரை சீட்டு வாங்க வேண்டும். டீலரிடம் 2 முதல் 6 வரை இருந்தால் 13-லேயே நின்றுவிட வேண்டும். 12 இருக்கும்போது டீலரிடம் 4, 5, 6 இருந்தால் மட்டும் நிற்கலாம். இரண்டு ஏஸ் வந்தாலும் இரண்டு எட்டு வந்தாலும், இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு தனிக் கைகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பத்தையும் இரண்டு ஐந்தையும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. 11 வந்து, டீலரிடம் 10 வரை எது இருந்தாலும் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். டீலரிடம் ஏஸ் தெரியும்போது ‘இன்ஷூரன்ஸ்’ வேண்டுமா, அதாவது டீலருக்கு முதல் இரண்டு சீட்டிலேயே 21 இருக்கும் என்று தனியாகப் பந்தயம் வைக்கிறீர்களா, என்று கேட்பார்கள். அந்தத் துணைப் பந்தயத்தில் கேசினோவின் ஆதாயம் ஏழு சதவீத அளவில் இருப்பதால் எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இந்த விதிகள் அச்சிட்ட சிறிய அட்டையை மேசையில் வைத்துப் பார்த்து ஆடுவதைப் பெரும்பாலான கேசினோக்கள் அனுமதிக்கின்றன. சீட்டை எண்ணி வைத்து ஆடலாம் என்று யாரேனும் சொன்னால், சீட்டுகளை இடைவிடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேசையில் அதற்கு இடமில்லை.

ஊரில் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு ‘த்ரீ கார்டு போக்கர்’ மேசை உடனே பிடித்துப்போகும். அங்கேதான் கவனம் வேண்டும். நாம் ஆடும் ஆட்டத்தில் மூன்று ஒரே சீட்டு, அதாவது டிரெயில், எல்லாவற்றையும் வெல்லும்; இங்கே ஹார்ட், ஸ்பேட் போன்ற ஒரே இனத்தில் வரிசையாக வரும் மூன்று சீட்டு அதற்கும் மேலே நிற்கும். எதிரே இருப்பவர் டீலர் மட்டுமே என்பதாலும், டீலர் விதிப்படி மட்டுமே ஆடுவார் என்பதாலும், முகத்தை வைத்து ஏமாற்றுவதற்கோ சீட்டைப் பார்க்காமல் பந்தயத்தை ஏற்றி மிரட்டுவதற்கோ வழியில்லை. ராணி, 6, 4 என்ற கையோ அதைவிட மேலானதோ இருந்தால் தொடர வேண்டும், இல்லையென்றால் மடக்கிவிட வேண்டும். மொத்த உத்தியும் இவ்வளவுதான். அப்படி ஆடினால் முதல் பந்தயத்தின் மீது கேசினோவின் ஆதாயம் 3.37 சதவீதம்.

‘பேங்கர்’, ‘பிளேயர்’ என்ற இரண்டு கைகளில் எது வெல்லும் என்று பந்தயம் வைக்கும் பக்கரா மேசை இருக்கும் கப்பல்களில், ‘பேங்கர்’ பக்கம் வைத்தால் 1.06 சதவீதமும், ‘பிளேயர்’ பக்கம் வைத்தால் 1.24 சதவீதமும் மட்டுமே போகும். இரண்டும் சமமாகும் என்று வைத்து, வென்றால் எட்டு மடங்கு தரும் ‘டை’ பந்தயத்தில் 14 சதவீதத்துக்கும் மேல் போகும். பகடை ஆடும் கிராப்ஸ் மேசையில் ‘பாஸ் லைன்’ என்னும் அடிப்படைப் பந்தயத்தின் விகிதம் 1.41 சதவீதம். சத்தமும் நெரிசலும் கண்டு புதியவர்கள் அந்த மேசையைத் தவிர்க்கிறார்கள். பல கப்பல்களில் தொடக்க நாட்களில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பில் நின்று கற்றுக்கொண்டால் அது எளிதாகிவிடும்.

பொத்தானை அழுத்திப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் இயந்திரங்களைப் பற்றி நான் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. கேசினோவின் பெரும் பரப்பை அவையே நிறைத்திருக்கின்றன. நெவாடா மாநிலச் சட்டப்படி ஸ்லாட் இயந்திரம் வைக்கப்படும் பணத்தில் சராசரியாகக் குறைந்தது 75 சதவீதத்தையும், நியூ ஜெர்சியில் 83 சதவீதத்தையும் திருப்பித் தர வேண்டும். பஹாமாஸ், பனாமா கொடிகளின் கீழ் நடுக்கடலில் ஓடும் கப்பலுக்கு இந்த மாநில ஆணையங்களின் அதிகாரம் எட்டாது. புகார் ஏதும் இருந்தால் கேசினோ மேலாளரிடமும், அதன்பின் கப்பல் நிறுவனத்திடமும்தான் முறையிட வேண்டும். ‘ஒரு சென்ட் இயந்திரம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். படங்கள் பொருந்தினால் பரிசு தரும் பல கோடுகளுக்கும் சேர்த்து ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 50 சென்ட், சிலவற்றில் 88 சென்ட் பிடிக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவர் ஒரு மணி நேரத்தில் 500 சுழற்சிகளை எளிதாகத் தாண்டுவார். சுழற்சிக்கு ஒரு டாலர் என்றும், இயந்திரம் 90 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்றும் வைத்துக்கொண்டால் மணிக்கு 50 டாலர் கரையும். மேசை ஆட்டங்களில் பெரிய தொகை வைப்பவரைவிட ஸ்லாட்டில் சில்லறை வைப்பவர் அதிகம் இழப்பதற்கு இந்த வேகமே காரணம். ஆடித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக ஆடுங்கள், சிறிய தொகையில் ஆடுங்கள், தானியங்கிச் சுழற்சிப் பொத்தானைத் தொடாதீர்கள்.

தோற்றால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கட்டாயம் வெல்லலாம் என்று கூறும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். 10, 20, 40, 80, 160, 320 என ஆறு முறை தோற்றால் 630 டாலர் போயிருக்கும். அடுத்து வைக்க வேண்டிய 640 டாலரை, உச்சவரம்பு 500 டாலராக உள்ள மேசை ஏற்காது. இரட்டைப் பூச்சிய ரூலெட்டில் சிவப்பின் மேல் வைத்து அடுத்தடுத்து ஆறு முறை தோற்பதற்கான வாய்ப்பு 47-இல் ஒன்று. ஒரே இரவில் பலமுறை இந்த வரிசையைத் தொடங்கும் ஒருவருக்கு அது நடந்துவிடுவதில் வியப்பில்லை. சக்கரத்துக்கு மேலே மின்திரையில் ஓடும் முந்தைய எண்களுக்கும் அடுத்து விழப்போகும் எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அறைச் சாவி அட்டையும் ரொக்கமும்

கப்பலில் அறைக் கதவைத் திறக்கும் அட்டையே பணப்பையாகவும் இருக்கிறது. அதை இயந்திரத்தில் செருகி இரகசிய எண்ணை அழுத்தினால், தொகை அறைக் கணக்கில் ஏறி, பயண முடிவில் கடன் அட்டையில் வந்து விழும். கையிலிருந்து தாள் போவதைப் பார்க்காத காரணத்தாலேயே இந்த வழியில் அதிகம் செலவாகிறது. அதோடு, அறைக் கணக்கிலிருந்து விளையாட்டுப் பணம் எடுப்பதற்குச் சில நிறுவனங்கள் 3 முதல் 5 சதவீதம் கட்டணமும் பிடிக்கின்றன. பிளாக்ஜாக்கில் அரை சதவீதத்தைக் குறைக்கப் பாடுபட்டுவிட்டு, பணம் எடுக்கும்போதே ஐந்து சதவீதத்தைக் கொடுப்பதில் பொருளில்லை. கப்பலிலுள்ள ஏ.டி.எம். கட்டணமும் கரையில் இருப்பதைவிட அதிகம்.

நான் பரிந்துரைக்கும் முறை இதுதான். ஏழு இரவுப் பயணத்துக்கு 350 டாலர் என்று முடிவு செய்தால், புறப்படும் முன்பே ஊரில் ரொக்கமாக எடுத்து, ஏழு உறைகளில் 50 டாலர் வீதம் போட்டு அறையின் பெட்டகத்தில் வையுங்கள். கேசினோவுக்குப் போகும்போது அன்றைய உறை மட்டும் உடன் வரட்டும். வென்ற பணத்தை அந்த உறையில் சேர்க்காமல் தனியே வையுங்கள். நாளைய உறையை இன்று திறக்காதீர்கள். ஏறிய முதல் நாளிலேயே விருந்தினர் சேவை மையத்துக்குச் சென்று, உங்கள் அறைக் கணக்கிலிருந்து கேசினோவுக்குப் பணம் எடுக்கும் வசதியை நிறுத்தும்படி கேட்கலாம். குடும்பத்தில் யாருக்கேனும் சூதாட்டத்தில் கட்டுப்பாடு இழந்த அனுபவம் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கேசினோவில் தம்மை அனுமதிக்க வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுக்கவும் முடியும். பிரித்துவைத்த பணத்தைத் தாண்டிக் கடன் வாங்கி ஆடத் தோன்றுகிறது என்றால் அமெரிக்காவில் 1-800-426-2537 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

மேசைக்கு வந்ததும் பணத்தை டீலரின் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும். மேலிருக்கும் கேமரா அதைப் பார்க்க வேண்டும் என்பதே காரணம். ஆட்டம் தொடங்கியபின், பந்தயமாக வைத்த சிப்பை, அதாவது பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லையை, தொடக் கூடாது. சீட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை வாயால் சொன்னால் போதாது: வேண்டும் என்றால் விரலால் மேசையைத் தட்ட வேண்டும், வேண்டாம் என்றால் உள்ளங்கையைக் கிடையாக அசைக்க வேண்டும். எழும்போது சிறு சிப்புகளைப் பெரிய சிப்பாக மாற்றித் தரும்படி டீலரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, காசாளரிடம் பணமாக மாற்றலாம்.

‘இலவசப் பயணம்’ என்ற அழைப்பு

பயணம் முடிந்து சில வாரங்களில், அடுத்த பயணத்துக்கு இலவச அறை தருவதாகக் கடிதம் வரலாம். இது விளையாடிய அளவை வைத்து வருவது. எடுத்துக்காட்டாக, ராயல் கரீபியனின் ‘கிளப் ராயல்’ திட்டத்தில் ஸ்லாட்டில் 5 டாலர் சுழற்றினால் ஒரு புள்ளி. ‘பிரைம்’ என்னும் நிலைக்கு ஓராண்டில் 2,500 புள்ளிகள் தேவை. அதாவது 12,500 டாலர் அளவுக்குச் சுழற்ற வேண்டும். முன் சொன்ன 90 சதவீதக் கணக்கில் பார்த்தால் அதற்குச் சராசரி விலை 1,250 டாலர். அதற்குப் பதிலாகக் கிடைக்கும், சன்னல் இல்லாத உள்ளறைக்கும் துறைமுக வரிகளும், தலைக்கு நாளொன்றுக்கு 18 டாலர் அளவில் ஊழியர் அன்பளிப்பும் தனியாகக் கட்ட வேண்டும். எப்படியும் ஆடியிருக்கக்கூடிய ஆட்டத்துக்கு அட்டையைச் செருகிப் புள்ளி பெறுவதில் தவறில்லை. இன்னும் முந்நூறு புள்ளி சேர்த்தால் அடுத்த நிலை என்று கடைசி இரவில் உட்காருபவர், காசு கொடுத்தே வாங்கியிருக்கக்கூடிய அறையைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்.

கடைசி இரவும் வரியும்

கடைசி இரவில் காசாளர் சாளரம் மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையிலுள்ள சிப்புகளையும், இயந்திரத்திலோ அட்டையிலோ மிச்சமிருக்கும் தொகையையும் அதற்கு முன்பே ரொக்கமாக்கிவிட வேண்டும். மறுநாள் காலை இறங்கும் அவசரத்தில் கேசினோவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அமெரிக்க வரிச்சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர், எந்த நாட்டுக் குடிமகனாயினும், நடுக்கடலில் வென்றதையும் வருமானமாகக் காட்ட வேண்டும். ஸ்லாட்டில் ஒரே சுழற்சியில் பெரிய தொகை விழுந்தால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். ஊழியர் வந்து அடையாளச் சான்று கேட்டு வென்ற தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் ‘டபிள்யூ-2ஜி’ படிவம் தந்த பிறகே பணம் கைக்கு வரும். அதற்கான வரம்பு நெடுங்காலம் 1,200 டாலராக இருந்து, 2026 முதல் 2,000 டாலராக உயர்ந்துள்ளது. அதே ஆண்டு முதல், செலவுகளை விரிவாகக் காட்டி வரி தாக்கல் செய்பவர்கூட சூதாட்ட நட்டத்தில் 90 சதவீதத்தை மட்டுமே வென்ற தொகைக்கு எதிராகக் கழிக்க முடியும் என்பதால், எந்த நாளில் எவ்வளவு வைத்தீர்கள், எவ்வளவோடு எழுந்தீர்கள் என்ற குறிப்பு அவசியமாகிறது. அன்றைய உறையின் மேலேயே எழுதி வைத்தால் போதும். அமெரிக்காவுக்குள் திரும்பும்போது கையில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்திடம் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்குக் கட்டணமோ வரியோ இல்லை, மறைத்தால் பணம் பறிமுதலாகலாம். குடும்பமாகச் சேர்ந்து பயணம் செய்பவர்களுக்கு இந்த வரம்பு எல்லாருடைய கையிருப்பையும் கூட்டியே பார்க்கப்படும்.